இல்லை என்று எழுதும் மாணவர்

ஆக்ஸ்ஃபோர்டின் யுனிவர்சிட்டி கல்லூரி 1811 மார்ச் 25 அன்று இரண்டு மாணவர்களை வெளியேற்றியது. ஒருவர் பெர்சி பிஷ் ஷெல்லி, வயது 18. இன்னொருவர் அவருடைய நண்பர் தாமஸ் ஜெஃபர்சன் ஹாக். ‘நாத்திகத்தின் அவசியம்’ என்ற தலைப்பில், எழுதியவர் பெயரில்லாமல் வந்த ஒரு சின்னப் பிரசுரம்தான் விவகாரம். ஆனால் கல்லூரி தன் பதிவேட்டில் குறித்துவைத்த குற்றம் நாத்திகம் அல்ல. கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லாமல் முரண்டு பிடித்தார்கள். அந்தப் பிரசுரத்தோடு தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லும்படி திரும்பத் திரும்பக் கேட்டும் மறுத்தார்கள். இவ்வளவுதான். இளங்கவிஞனின் துடுக்கு, அதைப் பொறுக்காத பாதிரிகளின் கோபம் என்று இதைச் சுருக்கிவிடுவது எளிது. அந்தப் பதிவேட்டு வாசகத்தை உற்றுப் பார்த்தால் அதில் இன்னும் தீராத ஒரு கேள்வி இருக்கிறது. கல்லூரிக்கு அந்த மாணவர்களிடமிருந்து என்ன வேண்டியிருந்தது? வாதம் தவறு என்று வாசகம் சொல்லவில்லை. மனம் மாறு என்றும் கேட்கவில்லை. ‘இது என்னுடையதல்ல’ என்ற ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. கிடைத்திருந்தால் அதை வைத்துக்கொண்டு கல்லூரி என்ன செய்திருக்கும்? மாணவர்கள் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்ற வழக்கு எந்த வளாகத்தில் எழுந்தாலும் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

பிரசுரம் வொர்திங் என்ற கடலோர ஊரில் அச்சானது. ஆக்ஸ்ஃபோர்டு ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த மன்டே அண்ட் ஸ்லேட்டர் புத்தகக் கடையில் ஷெல்லி தாமே போய்ப் பிரதிகளைப் பரப்பிவைத்தார். சற்று நேரத்தில் நியூ காலேஜைச் சேர்ந்த ஜான் வாக்கர் என்ற பாதிரியார் கண்ணில் அது பட்டது. கடைக்காரர்களைக் கொண்டே பின்கட்டுச் சமையலறையில் கொளுத்தச் செய்தார். ஆயர்களுக்கும் கல்லூரித் தலைவர்களுக்கும் ஷெல்லி தபாலிலும் அனுப்பியிருந்தார். தலைப்பில் உள்ள மிடுக்கு உள்ளே இல்லை. நம்பிக்கை என்பது மனம் விரும்பிச் செய்யும் காரியம் அல்ல என்பதே வாதம். சான்று வந்தால் மனம் இணங்குகிறது, வராவிட்டால் இணங்குவதில்லை. இணங்கு என்று அதற்கு உத்தரவு போட முடியாது. ஆகவே நம்பாததற்காக ஒருவரைக் குற்றவாளியாக்குவதில் பொருளில்லை. சான்றுகளை அது மூன்று படியாக அடுக்குகிறது: புலன்கள் காட்டுவது, அனுபவத்திலிருந்து அறிவு ஊகிப்பது, பிறர் சொல்லக் கேட்பது. காண்டல், கருதல், உரை என்று அளவைகளைப் படித்த சைவ சித்தாந்த மாணவருக்கு இந்த அடுக்கில் புதுமை எதுவுமில்லை. ஷெல்லிக்கு அது லாக், ஹியூம் ஆகிய தத்துவ ஞானிகள் வழியாக வந்தது. மூன்று படியிலும் கடவுளுக்குப் போதிய சான்று இல்லை என்று முடிக்கிறார். முன்குறிப்பில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது: என் தர்க்கத்தில் ஓட்டை கண்டவர்களும், எனக்குக் கிட்டாத சான்றைக் கைவசம் வைத்திருப்பவர்களும் அதைச் சுருக்கமாக, முறையாக எழுதி வெளியிட வேண்டும் என்கிறார். சான்று போதாமையால் நாத்திகன் என்றுதான் கையொப்பம். பதிலை எதிர்பார்த்து எழுதிய எழுத்துக்கு விசாரணைதான் வந்தது.

அதே ஆக்ஸ்ஃபோர்டில் அப்போது இன்னொரு நடைமுறையும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் சேருகிறவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளுக்கு இசைந்து கையெழுத்துப் போட வேண்டும். 1854இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி எடுக்கும்வரை சேர்க்கைக்கு இது நிபந்தனை. மேற்பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் வேண்டியிருந்த சமயச் சோதனைகள் பெரும்பாலும் 1871இல்தான் போயின. ஷெல்லியும் 1810இல் அந்தக் கையெழுத்தைப் போட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். திரித்துவம், ஜென்மபாவம், யார் மீட்புப் பெறுவார் என்று கடவுள் முன்பே தீர்மானித்திருப்பது என்று பெரும் பண்டிதர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிய விஷயங்கள் அந்த 39இல் அடக்கம். பதினேழு வயதுப் பையன் சேர்க்கை நாளில் இவை அத்தனையும் எனக்குச் சம்மதம் என்று ஒப்பமிடுகிறான். யாரும் அவன் பக்குவத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஓராண்டு கழித்து ஒன்றே ஒன்றில் எனக்குச் சான்று போதவில்லை என்று எழுதியதும் பக்குவம் நினைவுக்கு வருகிறது.

சமயச் சகிப்புக்கு ஐரோப்பாவில் பேர்போன வாதத்தை 1689இல் வெளிவந்த கடிதத்தில் ஜான் லாக் சொல்லியிருந்தார்: தண்டனை உடலைத்தான் தொடும், நம்பிக்கை உள்ளத்தில் இருப்பது, ஆகவே அரசின் வலுக்கட்டாயம் அங்கே எடுபடாது. (லாக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ஆள்தான், 1684இல் மன்னர் உத்தரவுப்படி கிறைஸ்ட் சர்ச் கல்லூரி அவருடைய இடத்தைப் பறித்தது.) பேச்சுரிமைக்கு வாதாடுகிறவர்கள் இன்றும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கருத்தை அடக்க முடியாது, அடக்கினால் பீறிட்டு வரும் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையா என்பது வேறு. 1690இல் ஜோனஸ் ப்ரோஸ்ட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு குருவானவர் லாக்குக்கு ஒரு மறுப்பு எழுதினார். வலுக்கட்டாயம் நேரடியாக நம்பிக்கையை உண்டாக்காது என்பதை ஒப்புக்கொண்டு, மறைமுகமாக உண்டாக்கும் என்றார். ஒருவர் எதைப் படிக்கிறார், யார் சொல்லக் கேட்கிறார், எதைப் பற்றி யோசிக்க உட்காருகிறார் என்பதையெல்லாம் கட்டுப்படுத்தினால் நாளடைவில் அவர் எதை நம்புகிறார் என்பதும் மாறும். லாக் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். அவற்றில் நல்ல வாதங்கள் பல உண்டு. ஆனாலும் இந்த ஒரு புள்ளி சாயவில்லை என்பதே என் கணிப்பு. கல்லூரி என்ற அமைப்பே ப்ரோஸ்டுக்குச் சாட்சி. பாடத்திட்டம், நூலகம், தேர்வு எல்லாமே மறைமுகமாக மனத்தை வார்ப்பவைதான். ஆகவே தணிக்கை பலிக்காது என்ற தெம்பில் மாணவர் எழுத்துக்கு வாதாடுவது தோற்கும் வாதம். தணிக்கை பலிக்கும். அது பலிக்கிறபோது நாம் எதை இழக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

இழப்பு உரை என்ற அந்த மூன்றாவது அளவையில் நேர்கிறது. கடவுளைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது உரை வழியாக வந்ததுதான். கண்டவர்கள் சொன்னார்கள், சொன்னவர்களை நம்புகிறவர்கள் நமக்குச் சொன்னார்கள். நம்பத் தகுந்தவர் சொல் பிரமாணமாகும் என்று நம் மரபும் ஏற்கிறது. ஆனால் யார் நம்பத் தகுந்தவர்? அறிந்ததை உள்ளபடி சொல்பவர், சொல்வதில் வேறு உள்நோக்கம் இல்லாதவர். மறுத்தால் படிப்பு போய்விடும் என்ற நிலையில் ‘ஆம்’ சொல்பவருக்கு இந்தத் தகுதி கிடைப்பதில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. உளமார நம்புகிறவராகவே இருக்கலாம். நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே சொல்லைச் சொல்லியாக வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு யார் எவர் என்று பிரித்தறிய வழியில்லை என்றுதான் சொல்கிறேன். ஆயிரம் கையெழுத்து சேர்ந்தாலும் அங்கே ஒரு சாட்சி தேறாது. ஆகவே மாணவர் எழுத்தை அடக்குவதில் பெரிய நஷ்டம் பக்தருக்கு. நாத்திகர் தம் கருத்தை வெளியிடும் வாய்ப்பை இழக்கிறார். பக்தர் தம் சாட்சியின் மதிப்பையே இழக்கிறார். அருணந்தி சிவாச்சாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்ததை இங்கே நினைக்கலாம். உலகாயதர் தொடங்கி மாற்றுக் கட்சியாரின் கொள்கைகளை எடுத்துவைத்து மறுத்த பிறகே நூல் தன் கொள்கைக்கு வருகிறது. எதிராளிக்கு வாய் கொடுப்பவரும் ஆசிரியரேதான், நிஜமான உலகாயதர் எழுந்து மறுபேச்சுப் பேச முடியாது என்பது வாஸ்தவம். இருந்தும், மறுப்பைச் சந்திக்காத கொள்கை நிலைபெற்றதாகாது என்ற ஒப்புதல் அந்த அமைப்பிலேயே இருக்கிறது.

வற்புறுத்தி வாங்கிய வாக்கை வாங்கியவர்களே நம்புவதில்லை என்பதற்கு எடின்பரோவில் ஒரு கொடிய உதாரணம் உண்டு. அங்கே பல்கலைக்கழகத்தில் படித்த தாமஸ் ஐகன்ஹெட் 1697 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டார், வயது 20. தெய்வ நிந்தனைக்காக பிரிட்டனில் மரண தண்டனை பெற்ற கடைசி மனிதர் அவர். அவர் பிரசுரம்கூடப் போடவில்லை. பழைய ஏற்பாடு எஸ்ரா கட்டிவிட்ட கதை என்றும், திரித்துவம் முன்னுக்குப்பின் முரண் என்றும் நண்பர்களிடம் பேசியதாகக் குற்றச்சாட்டு. எதிராகச் சாட்சி சொன்னவர்கள் கூடப் படித்தவர்கள். சிக்கிய பிறகு ஐகன்ஹெட் மனம் வருந்தி மனுப் போட்டார். புத்தகங்களில் படித்ததைத்தான் ஒப்பித்தேன், விசுவாசத்தை ஏற்கிறேன், மனந்திரும்ப அவகாசம் கொடுங்கள் என்று கேட்டார். கருணை கிடைக்கவில்லை. அந்த மனுவை நம்பியிருந்தால் தூக்கு அனாவசியம். நம்பாமல் போனதும் புரிகிறது. கயிற்றைப் பார்த்த பிறகு யார்தான் விசுவாசி ஆகமாட்டார்? ஆனால் இந்தச் சந்தேகம் ஐகன்ஹெட்டோடு நிற்காது. அந்தத் தூக்குக்குப் பிறகு எடின்பரோவில் தேவாலயத்துக்குப் போன ஒவ்வொருவருடைய விசுவாசத்தின் மீதும் அதே சந்தேகம் அதே நியாயத்தோடு விழுகிறது.

ஷெல்லி விவகாரத்துக்கு 20 ஆண்டு கழித்து கல்கத்தாவில் நடந்தது இன்னும் விரிவாகப் பார்க்கத்தக்கது. 1817இல் தொடங்கிய இந்து கல்லூரியில் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ 1826இல், 17 வயதில், ஆசிரியராகச் சேர்ந்தார். மாணவர்களை வாதிடப் பழக்கினார். அவர்கள் 1830இல் ‘பார்த்தினான்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். ஓர் இதழ் வெளிவந்ததுமே கல்லூரி அதிகாரிகள் அதை முடக்கிவிட்டார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற புகார் ஊரில் வலுக்க, 1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடியது. டெரோசியோவைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. கற்பிக்கத் தகாதவர் என்று தீர்ப்பளிக்கக் குழுவில் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆனாலும் ஊரார் மனநிலையை உத்தேசித்து அவரை நீக்குவது உசிதம் என்று முடிவாயிற்று. அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பிறகு குழுவைச் சேர்ந்த எச். எச். வில்சன் தனியாகக் கடிதம் எழுதிக் கேட்டார்: உமக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா? பெற்றோருக்குக் கீழ்ப்படிவது அறத்தின் பகுதியல்ல என்று நினைக்கிறீரா? இன்னும் அசிங்கமான ஒரு வதந்தியைப் பற்றியும் ஒரு கேள்வி. ஷெல்லியிடம் கேட்டார்கள், அவர் பதில் சொல்லவில்லை. டெரோசியோ பதில் சொல்லத் தயாராக இருந்தும் குழு அவரைக் கேட்கவில்லை. வில்சனுக்கு அவர் எழுதிய பதில் மாணவர் எழுத்தைப் பற்றி யோசிக்கும் எவரும் படிக்க வேண்டியது. கடவுள் இல்லை என்று யார் காதுபடவும் நான் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் தத்துவ ஞானிகள் எழுப்பிய ஐயங்களையும், அவற்றுக்குச் சொல்லப்பட்ட சமாதானங்களையும் சேர்த்தே முன்வைத்தேன். ஹியூமின் உரையாடலில் வரும் கிளியான்தீஸ், ஃபைலோ இருவரின் வாதங்களைச் சொன்னேன். ஹியூமுக்கு ரீடும் டூகல்ட் ஸ்டூவர்ட்டும் தந்த மறுப்பையும் சொன்னேன் என்கிறார். பிறகு முக்கியமான இடம்: எவர் மனத்திலும் உறுதிப்பாட்டை உண்டாக்குவது என் சக்தியில் இல்லை, சிலருடைய நாத்திகத்துக்கு என்னைத் தண்டித்தால் மற்றவர்களுடைய ஆத்திகத்துக்கு எனக்குப் பெருமை தர வேண்டும்.

அந்தக் கணக்கு பின்னால் சரியாகவே வந்தது. அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களில் கிருஷ்ண மோகன் பானர்ஜி 1832இல் கிறிஸ்தவராகி, பிறகு குருவானவரும் ஆனார். ராம்தனு லாஹிரி பிரம்ம சமாஜத்துக்குப் போனார். எல்லோரையும் நாத்திகராக்கும் பட்டறை என்று பயந்த இடத்திலிருந்து வந்தவர்கள் இவர்கள். இவர்களுடைய நம்பிக்கை சரியா என்பது இங்கே பேச்சல்ல. ஐயத்தைக் கேட்டுவிட்டு அவர்கள் சொன்ன ‘ஆம்’ என்பதால், 39 கோட்பாடுகளின் அடியில் விழுந்த கையெழுத்துகளைவிட அதற்குச் சாட்சி மதிப்பு கூடுதல். டெரோசியோ இதில் எதையும் பார்க்கவில்லை. அதே 1831 டிசம்பரில் காலரா அவரை 22 வயதில் கொண்டுபோய்விட்டது. நிர்வாகக் குழு கண்டுபிடித்த சூத்திரம் மட்டும் நீண்ட ஆயுளோடு இருக்கிறது: குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனால் நடவடிக்கை உசிதம். 2015 மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம், மத்திய அமைச்சகத்துக்குப் போன ஒரு மொட்டைக் கடிதத்தைத் தொடர்ந்து ரத்தானது. நாடு முழுக்கக் கண்டனம் எழ, ஜூன் மாதமே அங்கீகாரம் திரும்பி வந்தது. பெயர் போடாமல் எழுதியதற்காக ஒரு காலத்தில் மாணவரை விசாரித்தார்கள். இங்கே பெயரில்லாத எழுத்தை வைத்துப் பெயருள்ள மாணவர்கள் மீது நடவடிக்கை. என்ன முன்னேற்றமோ.

எதிர்வாதங்களில் வலுவானது புண்படுதல் பற்றியது. நம்பாமலிருப்பது கைமீறிய காரியம் என்றே வைத்துக்கொள்வோம். எழுதி வெளியிடுவது கைமீறியதா? விரும்பிச் செய்வதுதானே? அதனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் மனம் வருந்தினால் பொறுப்பு இல்லையா? ஷெல்லியின் வாதம் இந்த இடத்தில் நொண்டுகிறது. நம்பிக்கையின்மைக்குக் குற்றமில்லை என்பதிலிருந்து வெளியீட்டுக்குக் குற்றமில்லை என்பது தானாக வந்துவிடாது. மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்க 1927இல் சேர்க்கப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவுகூட, வேண்டுமென்றே, துவேஷ நோக்கத்தோடு அவமதித்தால்தான் குற்றம் என்று வரம்பு போட்டது. அந்த வரம்பு சரியான இடத்தில் இருக்கிறதா என்று தனியாகச் சண்டை போடலாம். ஒன்று மட்டும் தெளிவு: சான்று போதவில்லை, இருந்தால் காட்டுங்கள் என்று கேட்கும் எழுத்து அந்த வரம்புக்குள் எந்த விதத்திலும் வராது. நக்கலும் வசையுமாக எழுதும் மாணவர் உண்டு. அவரைக் கண்டிக்க ஆசிரியருக்கு உரிமையும் உண்டு. ஆனால் கண்டிப்பு வசைக்கானதாக இருக்க வேண்டும், முடிவுக்கானதாக அல்ல. வருத்தம் வந்ததே அளவுகோல் என்றால் பக்தரின் எழுத்தும் தப்பாது. நம்பாதவருக்கு நரகம் நிச்சயம் என்று எழுதினால் அது யாரையும் வருத்தாதா என்ன?

பக்தரின் எழுத்து தப்பாது என்பது கற்பனை அல்ல. அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் ‘வைட் அவேக்’ என்ற கிறிஸ்தவ மாணவர் பத்திரிகை வந்தது. ஒவ்வொரு மாணவரிடமும் பருவத்துக்கு 14 டாலர் கட்டணம் வாங்கி, அந்த நிதியிலிருந்து மாணவர் பத்திரிகைகளின் அச்சுக் கூலியைப் பல்கலைக்கழகம் கொடுத்துவந்தது. இவர்கள் கேட்ட 5,862 டாலரை மட்டும் கொடுக்கவில்லை; தெய்வத்தைப் பற்றியோ இறுதி உண்மையைப் பற்றியோ குறிப்பிட்ட ஒரு நம்பிக்கையைப் பிரதானமாகப் பரப்பும் செயலுக்கு நிதி கிடையாது என்பது விதி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1995இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி ஒரு வேடிக்கையைச் சுட்டினார்: இந்த விதியை அப்படியே கடைப்பிடித்தால் பிளேட்டோ, ஸ்பினோசா, டெகார்ட் ஆகியோர் மாணவர்களாக வந்து எழுதினாலும் நிதி கிடைக்காது, மார்க்ஸ், ரசல், சார்த்தர் எழுதினாலும் கிடைக்காது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சூட்டரின் கவலையும் சாதாரணமானதல்ல. ஒருவர் ஏற்காத மதக் கருத்தைப் பரப்ப அவரிடமே பணம் வாங்குவது கொடுமை என்று ஜெஃபர்சன் தலைமுறை போராடியது. அவர் கட்டிய பல்கலைக்கழகத்திலேயே நாத்திக மாணவரின் 14 டாலரில் சுவிசேஷப் பத்திரிகை அச்சாகிறது. எனக்குக் கென்னடியின் பக்கம் நியாயம் கூடுதலாகப் படுகிறது. பணம் எல்லாத் தரப்புக்கும் ஒரே விதியில் போகிறவரை அந்த நாத்திக மாணவர் ஒரு மதத்துக்குக் காணிக்கை செலுத்தவில்லை. எதிர்த்தரப்பு பேசும் ஒரு மேடைக்கு வாடகையில் பங்கு கொடுக்கிறார். அதே மேடை அவருக்கும் உண்டு. ஒரே ஒரு தரப்புக்குப் பணம் மறுக்கப்படும் நாளில் சூட்டர் சொன்னது சரியாகிவிடும்.

மடமோ, சபையோ, ஜமாத்தோ தன் காசில் நடத்தும் கல்லூரிக்கும் இது பொருந்துமா என்று கேட்கலாம். முழுக்கப் பொருந்தாது. குருமார்களை உருவாக்கும் செமினரி தன் கொள்கையை ஏற்பவர்களையே சேர்க்கலாம். அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுச் செய்தால் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் பொறியியலும் வணிகவியலும் சொல்லிக்கொடுத்து, எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரி ஆண்டு மலர் என்று வரும்போது மட்டும் செமினரி ஆகிவிடுவது வேறு விஷயம். நம்மூர் ஆண்டு மலர்களின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தாளாளர் படம், வாழ்த்துரைகள், ஆண்டறிக்கை, பரிசு வாங்கியவர்கள் பட்டியல், அதற்குப் பிறகு அம்மா, ஆசான், இறைவன் என்று மாணவர் கவிதைகள். இறைவன் கவிதையை எழுதிய மாணவி உருகித்தான் எழுதியிருப்பார். மலர்க் குழு தரம் பார்த்துத் தேர்வதில் தப்பே இல்லை. யாப்பு சரியில்லை, வாதம் கோணல் என்று எதையும் திருப்பி அனுப்பலாம். இதே தரத்தில், கடவுளிடம் எனக்குக் கேள்விகள் இருக்கின்றன என்று முடியும் ஒரு கட்டுரை வந்திருந்தால் போட்டிருப்போமா என்று குழு தன்னைத்தானே ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். போட்டிருக்க மாட்டோம் என்பது விடையானால், இறைவன் கவிதையின் அடியில் அந்தத் தகவலையும் சின்ன எழுத்தில் அச்சிடுவதுதான் அதை எழுதிய மாணவிக்கும் அதைப் படிப்பவருக்கும் செய்யும் நியாயம்.